ஒரே சரிவுல ரெண்டு தங்கம்: நெவாடாவுல ஒரு வண்டல்பாறைத் தங்க இடத்த வகைப்படுத்துன நிகழ்வு ஆய்வு

## பின்னணி

இடம் அமெரிக்காவுல நெவாடா மாநிலத்தோட வடமத்தியப் பகுதி, ஒரு மலைத்தொடரோட அடிவாரச் சரிவு. கம்பெனி சின்னது, பேரு இங்க வேண்டாம், இடத்தோட பேரும் வேண்டாம். டீம்ல முக்கியமா நாலு பேரு: கார்லின்ங்கிற ஊர்ப் பக்கத்துல ரொம்ப வருஷம் வேலை பாத்த ப்ராஜெக்ட் மேனேஜர், பாறை உடைவுகளையும் மடிப்புகளையும் மேப் பண்ற ஒரு இளம் ஜியாலஜிஸ்ட் பொண்ணு, வெளியில இருந்து வந்த ஒரு ஜியோகெமிஸ்ட், அப்புறம் சாம்பிள மைக்ரோஸ்கோப்ல பாக்குற வேலைக்கு நான்.

1980-கள்ல வேற ஒரு கம்பெனி இதே இடத்துல ஆர்சி ட்ரில், அதாவது பாறையச் சில்லாக்கி வெளிய தள்ளுற துளை மெஷின், வச்சு ஆழம் கம்மியான துளைகள் போட்டிருந்தாங்க. அப்போ நெவாடா முழுக்க எல்லாரும் தேடுனது மேலாப்புல துருப்பிடிச்ச பாறைல இருக்குற ஆக்சைடு தங்கம், தோண்டி குவிச்சு சயனைடு தெளிச்சு எடுத்துடலாம்னு. இங்க லைம்ஸ்டோன், அதாவது சுண்ணாம்புப்பாறை, சிலிக்காவா மாறிப்போன ஜாஸ்பராய்டு பாறை ஒரு ஃபால்ட் (பாறை உடைஞ்சு நகர்ந்த கோடு) நெடுக முதுகெலும்பு மாதிரி துருத்திக்கிட்டு நிக்கும், அதுக்குள்ள கொஞ்சம் தங்கம் இருந்துச்சு, ஆனா சுரங்கம் போடுற அளவுக்கு இல்லன்னு விட்டுட்டுப் போயிட்டாங்க. போகும்போது ரிப்போர்ட்ல "கார்லின்-டைப்"னு ஒரு வார்த்தை எழுதி வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் இந்த இடத்தப் பத்தி வந்த அத்தன காகிதத்துலயும் அந்த வார்த்தை அப்படியே காப்பி ஆகிக்கிட்டே வந்துச்சு, யாரும் எதுக்காக அப்படி எழுதுனாங்கன்னு திருப்பிப் பாக்கல.

அந்த வார்த்தைக்கு இவ்வளவு மவுசு ஏன்னு கொஞ்சம் சொல்லணும். 1961-ல கார்லின் ஊருக்குப் பக்கத்துல கண்டுபிடிச்ச தங்கம் கண்ணுக்கே தெரியாது, தட்டுல மண்ண அலசிப் பாத்தாலும் ஒரு பொட்டு மினுக்கு வராது, அதனாலதான் பழைய காலத்து ஆளுங்க அத்தன பேரும் அது மேலயே நடந்து போயிருக்காங்க. 1965-ல அங்க உற்பத்தி ஆரம்பிச்சுது, அதுல இருந்து இந்த வகைத் தங்கம்தான் நெவாடாவ உலகத்தோட பெரிய தங்கப் பகுதிகள்ல ஒண்ணா ஆக்குச்சு. அப்புறம் கோல்ட்ஸ்ட்ரைக் சுரங்கம். மேல இருந்தது சுமாரான ஆக்சைடு, அதுக்குக் கீழ 1980-கள்ல ஆழத் துளை போட்டப்போ போஸ்ட்-பெட்ஸேன்னு ராட்சச தங்கப்படிவு கிடைச்சுது. அந்தக் காலத்துல வேலை பாத்த யாருக்கும் அது மனச விட்டுப் போகாது. எங்க மேனேஜருக்கும் போகல.

அதனால அவரோட முதல் ப்ளான் நேரடியானது. நெவாடாவுல பெரிய கார்லின் படிவுகள் நிறைய இருக்குறது ராபர்ட்ஸ் மவுண்டன்ஸ் த்ரஸ்ட்டுக்குக் கீழ, அதாவது மேல சிலிக்கா, ஷேல் பாறைகள் மூடி மாதிரி தள்ளப்பட்டு வந்து உக்காந்திருக்க, கீழ இருக்குற வண்டல் கலந்த சுண்ணாம்புப்பாறைல. நம்ம இடத்துலயும் அதே அமைப்பு இருக்கு, அப்போ ரெண்டு மூணு ஆழமான டைமண்ட் ட்ரில் துளை (பாறைய உருளையா வெட்டி எடுக்குறது) போட்டு நேரா அந்தக் கீழ்ப் பாறையப் போய்ப் பாப்போம்னாரு. பட்ஜெட்ல பெரும்பங்கு அதுக்கே போயிடும்.

## முதல்ல என்ன கண்ணுல பட்டுச்சு

மேப்பிங் பண்ண பொண்ணுதான் முதல்ல நெருடலாப் பேசுனாங்க. ஜாஸ்பராய்டு முதுகோட வடக்கு முனைல ஒரு கிரானோடயரைட் டைக், அதாவது உருகுன பாறை பிளவுல ஏறி உறைஞ்ச சுவர் மாதிரியான ஒண்ணு, மண்ணுக்கு அடில ஒளிஞ்சிருந்தது, ஓடை அரிச்ச இடத்துல மட்டும் தெரிஞ்சுது. பழைய மேப்ல அது இல்லவே இல்ல. டைக்குள்ள செரிசைட்ங்கிற மைக்கா ஏறி வெளுத்துப்போன பகுதி, அதையொட்டி லைம்ஸ்டோன்ல கருப்பு மாங்கனீஸ் கறை, உடைச்சா உள்ள மெல்லிசா கலீனா நரம்பு. கலீனான்னா ஈயம். கார்லின் தங்கத்துல ஈயமும் துத்தநாகமும் பெருசா இருக்காது.

மேனேஜர் இத அப்படியே தூக்கிப் போடல, ஆனா அவரோட பதில் "நெவாடாவுல எந்த மலையிலதான் டைக் இல்ல, கெட்சல் சுரங்கத்த பாருங்க". அந்த வாதத்துல நியாயம் இருக்கு. கெட்சல்ல ஆஸ்குட் கிரானோடயரைட்டும் அதச் சுத்தி டங்ஸ்டன் ஸ்கார்னும் (கிரானைட் சூட்டுல மாறிப்போன சுண்ணாம்புப்பாறை) கிரிட்டேஷியஸ் காலத்தது, சுமார் 90 மில்லியன் வருஷம். பக்கத்துலயே தங்கம் இருக்குறதால ரொம்ப நாள் அதுவும் அந்த கிரானைட்டோட வந்ததுன்னே நெனச்சாங்க, கடைசில தங்கத்தோட வந்த கால்காயைட்ங்கிற கனிமத்த வச்சு வயசு பாத்தா சுமார் 39 மில்லியன், ஈயோசீன். பக்கத்துல இருக்குறதால சொந்தம்னு ஆயிடாது. அப்போ நம்ம டைக்கும் பழசா இருக்கலாம், தங்கம் பின்னாடி வந்ததா இருக்கலாம்.

ஜியோகெமிஸ்ட் கேட்டது ஒரே கேள்விதான்: பழைய துளைகள்ல வெள்ளி எவ்வளவு? யாருக்கும் தெரியல, ஏன்னா 1980-கள்ல தங்கத்துக்கு மட்டும்தான் ஃபயர் அஸ்ஸே, அதாவது உருக்கி அளக்குற டெஸ்ட், பண்ணிருந்தாங்க.

## வகை எதுன்னு தெரியறது ஏன் முக்கியம்

வண்டல்பாறைல இருக்குற தங்கம்னு சொன்னா அது பாறையோட விலாசம் மட்டும்தான், தங்கம் எப்படி வந்துச்சுன்னு அது சொல்லாது. தென்னாப்பிரிக்காவோட விட்வாட்டர்ஸ்ராண்ட் கூழாங்கல் பாறையும் வண்டல்தான், உஸ்பெகிஸ்தானோட முருன்டாவும் சைபீரியாவோட சுகோய் லாக்கும் ஆஸ்திரேலியாவோட பெண்டிகோவும் வண்டல்பாறைலதான், ஆனா இதுல எதையும் கார்லின் தேடுற மாதிரி தேடக்கூடாது. பெண்டிகோல மடிப்போட முதுகுல குவார்ட்ஸ் ரீஃப, அதாவது தடிச்ச குவார்ட்ஸ் நரம்ப, தேடணும், தங்கம் கண்ணுக்குத் தெரியும்.

எங்க இடத்துல உண்மையா போட்டி ரெண்டுக்குத்தான். ஒண்ணு கார்லின்: 180-ல இருந்து 240 டிகிரி செல்சியஸ் வாக்குல உப்பு கம்மியான சுடுநீர் வந்து சுண்ணாம்ப கரைச்சு, பாறைல ஏற்கனவே இருக்குற இரும்போட கந்தகம் சேந்து பைரைட் ஆகும்போது அதுல ஆர்சனிக்கும் தங்கமும் உக்காரும், கூட ஆர்சனிக், ஆன்டிமனி, பாதரசம், தாலியம், வெள்ளி தங்கத்த விட கம்மி. இன்னொண்ணு டிஸ்டல் டிஸெமினேட்டட், அதாவது தள்ளிப்போய் சிதறிப் படிஞ்சது: எங்கயோ ஒரு கிரானைட் இன்ட்ரூஷன், உருகி உள்ள நுழைஞ்ச பாறை, இருக்கு, அதுல இருந்து வெளிய தள்ளித் தள்ளி உலோகங்கள் வளையம் வளையமா படியுது, அதோட வெளி வளையத்துல தங்கமும் வெள்ளியும், வெள்ளி தங்கத்த விட பல மடங்கு, கூட ஈயம், துத்தநாகம், மாங்கனீஸ், சில நேரம் பிஸ்மத், டெலூரியம். மேலாப்புல ரெண்டுமே ஜாஸ்பராய்டா நிக்கும், ரெண்டுலயும் ஆர்சனிக் ஏறும். அதான் சிக்கலே.

இது காகிதத்துல இருக்குற வித்தியாசம் மட்டும் இல்ல. முதல் வகைன்னா ஃபால்ட்டும் கரையக்கூடிய பாறையும் சந்திக்குற இடத்த ஆழத்துல தேடிப் போகணும். ரெண்டாவதுன்னா டைக் எந்தப் பக்கம் தடிமனாகுதோ அந்தப் பக்கம் நகரணும். எங்க மேப்ல இந்த ரெண்டு திசையும் நேர் எதிர், ஒண்ணு தெற்கு, ஒண்ணு வடக்கு. கனடா பங்குச்சந்தைல இருக்குற கம்பெனின்னா 43-101ங்கிற அந்த நாட்டு விதிப்படி எழுதுற ரிப்போர்ட்ல படிவு வகைக்குன்னே ஒரு தனி பகுதி எழுதணும், அதுல போடுற வார்த்தைய நம்பித்தான் பணம் போடுறவங்க முடிவு எடுக்குறாங்க. ஆதாரம் இல்லாம அங்க "கார்லின்-டைப்"னு எழுதறது அடுத்தவங்க காசுல சூதாடுறது, இதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது.

## முதல் முடிவு: ட்ரில்ல நிறுத்தி வச்சது

ஒரு நாள் முழுக்க வாக்குவாதம் நடந்துச்சு. கடைசில மேனேஜர் ஒத்துக்கிட்டது, ஆழத் துளைய தள்ளிப்போடலாம், ஆனா அடுத்த ட்ரில் சீசனுக்கு முன்னாடி பதில் வேணும்னு. ஏன் ஒத்துக்கிட்டாருன்னா செலவு கணக்குதான்: மறுபடி அஸ்ஸே, வயசு பாக்குறது, மைக்ரோஸ்கோப் எல்லாம் சேத்தாலும் ஒரு ஆழத் துளையோட செலவுக்குப் பக்கத்துல கூட வராது.

மேப்பிங் பொண்ணு ஒரு நல்ல வேலை பண்ணாங்க. ஒரு பெரிய தாள்ல ரெண்டு வகையையும் எழுதி, ஒவ்வொண்ணும் உண்மையா இருந்தா எந்த டெஸ்ட்ல என்ன வரணும்னு ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே எழுதி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டாங்க. ரிசல்ட் வந்தப்புறம் அத நமக்குத் தோதா வளைக்க முடியாது பாருங்க.

பழைய துளைகளோட அரைச்ச தூள், காகித உறைல, ஒரு தகரக் கொட்டகைல கெடந்துச்சு. பாதி உறைய எலி கடிச்சிருந்துச்சு, நம்பர் மங்கிப்போயிருந்துச்சு. அதுல 5 அடிக்கு ஒண்ணுன்னு எடுத்த சாம்பிள்ல நம்பர் தெளிவா இருந்ததையும், பாறைச் சில்லு வச்சிருக்குற ப்ளாஸ்டிக் ட்ரேயோட ஒத்துப்போனதையும் மட்டும் எடுத்து பல தனிமங்கள ஒண்ணா அளக்குற ஐசிபி-மாஸ் மெஷினுக்கு அனுப்புனோம். இதுல ஜியோகெமிஸ்ட் பிடிவாதமா ஒண்ணு சொன்னாரு: ஆக்சைடு ஆன சாம்பிளையும் ஆகாததையும் ஒண்ணா போட்டு பாக்கக்கூடாது. ஏன்னா மேலாப்புல பாறை துருப்பிடிக்கும்போது துத்தநாகம் கரைஞ்சு ஓடிடும், வெள்ளியும் இடம் மாறும், ஆர்சனிக் மட்டும் இரும்புத் துருவோட ஒட்டிக்கிட்டு நிக்கும். அதனால ஆக்சைடு ஜாஸ்பராய்டு எதப் பாத்தாலும் கார்லின் மாதிரியே தெரியும். 1980-கள்ல போட்டது அத்தனையும் ஆழம் கம்மியான துளைகளா, அந்தப் பழைய வார்த்தை எங்க இருந்து வந்திருக்கும்னு எனக்கு அப்போதான் புரிஞ்சுது.

## ரிசல்ட் வந்தப்போ

ஆக்சைடு ஆகாத சாம்பிள்கள் ரெண்டு கூட்டமா பிரிஞ்சுது, மேப்லயும் ரெண்டு பக்கமா. வடக்குல வெள்ளி தங்கத்த விட பத்து மடங்குக்கு மேல, கூட ஈயம், துத்தநாகம், மாங்கனீஸ், டைக்க நெருங்க நெருங்க பிஸ்மத். தெற்குல வெள்ளி தங்கத்த விட கம்மி, ஈயமும் துத்தநாகமும் சாதாரண சுண்ணாம்புப்பாறை அளவுக்குத்தான், ஆனா தாலியமும் பாதரசமும் நல்லா ஏறி இருந்துச்சு. நடுவுல ஒரு பட்டை, அதுல ரெண்டும் கலந்து இருந்துச்சு. ஒரே இடம் ஒரே வகைன்னு ரெண்டு தரப்பும் வாதாடுனதுல ரெண்டுமே முழுசா சரியில்லன்னு ஆச்சு.

அந்த நடுப்பட்டைல இருந்து மெருகேத்துன சாம்பிள நான் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பாத்தேன். இத கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா முடிவு இதுலதான் திரும்புச்சு. ஒரு பெரிய பைரைட் மணி, ஓரத்துல கலீனாவும் துத்தநாகக் கனிமமான ஸ்பாலரைட்டும் ஒட்டிக்கிட்டு, உள்ள வரைக்கும் ஒரே சீரான சாம்பல் நிறம். அந்த மணியச் சுத்தி, கலீனாவோட உடைஞ்ச ஓரத்தையும் சேத்து மூடிக்கிட்டு, முட்டை ஓடு மாதிரி சில மைக்ரான் தடிமன்ல ஒரு பளிச்சுன்னு தெரியுற வளையம். பளிச்சுன்னு தெரியக் காரணம் ஆர்சனிக். லேசர் வச்சு வரி வரியா சுட்டு தனிமங்களப் பாத்தப்போ மணியோட நடுவுல தங்கம் ஒண்ணும் பெருசா இல்ல, வளையத்துக்குள்ள நுழையும்போது ஆர்சனிக், தாலியம், ஆன்டிமனி, தங்கம் நாலும் ஒண்ணா எகிறுது, ஈயமும் துத்தநாகமும் எகிறல. வடக்கு சாம்பிள்ல இந்த வளையமே கிடையாது, அங்க தங்கம் தனியா, வெள்ளி கலந்த குட்டி மணிகளா கலீனா பக்கத்துல உக்காந்திருந்துச்சு. அதாவது ஈயம்-துத்தநாகம் முதல்ல, கார்லின் மாதிரி தங்கம் அதுக்கு மேல ரெண்டாவதா.

மேனேஜர் இத கெட்சல் கதையாவே எடுத்துக்கிட்டாரு, டைக் பழசு, தங்கம் புதுசு, ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல, வடக்க மறந்துடலாம்னாரு. ஆனா டைக்ல இருந்து பிரிச்ச ஜிர்க்கான் கனிமத்துல யுரேனியம்-ஈய வயசு வந்தப்போ அதுவும் ஈயோசீன். நெவாடாவுல கார்லின் தங்கம் வந்த காலமும் அதேதான், 42-ல இருந்து 36 மில்லியன் வருஷத்துக்குள்ள. அப்போ டைக், ஈயம்-வெள்ளி, கார்லின் மாதிரி தங்கம் மூணும் ஒரே நீண்ட நிகழ்ச்சியோட பகுதிகளா இருக்கலாம்னு ஆச்சு.

இதுக்கு நெவாடாவுலயே முன்மாதிரி இருக்கு. மெக்காய் தங்க ஸ்கார்னுக்குப் பக்கத்துல 1980-கள்ல கண்டுபிடிச்ச கோவ் படிவுல நடுவுல வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும் நிறைஞ்ச பகுதி, அதுக்கு வெளிப்பக்கம் கார்லின் மாதிரி தங்கம். மெக்காய்யும் கோவும் சேந்து 100 மில்லியன் அவுன்ஸுக்கு மேல வெள்ளி கொடுத்துச்சு. கார்லின்னா வெள்ளி கிடையாதுன்னு மனப்பாடம் பண்ணவங்களுக்கு கோவ் ஒரு பெரிய தலைவலி. ஆனா வெறும் கோவ் இருக்குங்கிறதுக்காக நம்ம இடமும் கோவ்னு சொல்லிடக்கூடாது, அதுவும் பழைய தப்பேதான், வார்த்தை மட்டும் வேற.

## ரெண்டாவது முடிவு

ரிப்போர்ட்ல வகைக்கு ஒத்த வார்த்தை போடுறத விட்டுட்டோம். வடக்கு: இன்ட்ரூஷனோட தொடர்புள்ள வெள்ளி-தங்கம். தெற்கு: கார்லின் மாதிரியான தங்கம், காலத்துல பின்னாடி வந்தது. ரெண்டுக்கும் நடுவுல தொடர்பு இருக்க வாய்ப்பு உண்டு, ஆனா நிரூபணம் ஆகலன்னு அப்படியே எழுதுனோம். கம்பெனி ஆபீஸ்ல இருந்து இத மென்மையாக்கச் சொல்லி அழுத்தம் வந்துச்சு, மேனேஜர் அசையல. அவரு முதல்ல கார்லின்னு அடிச்சுப் பேசுனவருதான், ஆனா ஆதாரம் முன்னாடி வந்ததும் தன்னோட வாதத்தப் புடிச்சுத் தொங்கல, அதுக்காக அவர் மேல எனக்கு மரியாதை கூடுச்சு.

ட்ரில் ப்ளான் மாறுச்சு. வடக்குல டைக் பக்கமா ஒரே ஒரு சாய்வுத் துளை, இன்ட்ரூஷன் பக்கமா உள்ள போகப் போக உலோக வளையம் செம்பு பக்கம் திரும்புதான்னு பாக்க. மீதி எல்லாம் தெற்குல, ஆனா பழைய ப்ளான்ல இருந்த ஆழத்துக்கு இல்ல, ஜாஸ்பராய்டு ஃபால்ட்டும் வண்டல் கலந்த லைம்ஸ்டோன் அடுக்கும் ஒரு மடிப்பு முதுகுல சந்திக்குற இடத்துல. ஜாஸ்பராய்டையே துளைக்கிறதுல பிரயோஜனம் இல்லன்னு அந்தப் பொண்ணு சொன்னது முக்கியம். சிலிக்கா ஏறி இறுகிப்போன பாறைல தங்கம் சேர இடம் கம்மி, அதையொட்டி சுண்ணாம்பு கரைஞ்சு பொடபொடத்துப்போன பாறைலதான் நல்ல தரம் கிடைக்கும், ஆனா அது மேலாப்புல மண்ணா உதிர்ந்து பள்ளமாயிடும், கண்ணுக்குத் தெரியாது.

## அப்புறம் நடந்தது

வடக்குத் துளைல எதிர்பாத்த மாதிரியே ஈயம், துத்தநாகம், வெள்ளி மெல்லிய நரம்புகளா வந்துச்சு. தரம் இந்தக் கம்பெனிக்குப் பத்தாது, செம்பு பக்கம் திரும்புற அறிகுறியும் வலுவா இல்ல.

தெற்குல ரெண்டாவது துளைல கோர், அதாவது வெட்டி எடுத்த பாறை உருளை, வச்ச பெட்டிய தொறந்தப்போ மேல இருந்த லைம்ஸ்டோன்ல ஆசிட் சொட்டு விட்டா நுரைச்சுது, கொஞ்சம் கீழ போனா நுரையே இல்ல, பாறை கைல எடுத்தா கனம் கொறஞ்சு, கரி மாதிரி விரல்ல ஒட்டுச்சு. அந்தக் கருப்பு மாவுல பாதி கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய பைரைட். அதுக்குக் கீழ விரிசல்ல செக்கச்செவேல்னு ரியல்கார், ஆர்சனிக் கனிமம், கார்லின்ல கடைசிக் கட்டத்துல வர்றது. அஸ்ஸேல தங்கம் வந்துச்சு, தடிமனும் பரவால்ல, ஆனா தரம் சுமார்தான். சயனைடுல கரையுற தங்கத்துக்கும் ஃபயர் அஸ்ஸே தங்கத்துக்கும் உள்ள விகிதம் ரொம்பக் கம்மி. தங்கம் பைரைட்டுக்குள்ள பூட்டிக் கெடக்குன்னு அர்த்தம், ஆட்டோகிளேவோ (அழுத்தத்துல சூடாக்குற கலன்) ரோஸ்டரோ (வறுக்குற உலை) இல்லாம எடுக்க முடியாது, சின்னக் கம்பெனிக்கு அது சொந்தமா கட்டுற சமாச்சாரம் இல்ல.

ஆக சுரங்கம் வரல. ஆனா வடக்குப் பகுதி க்ளெய்ம்கள்ல, அதாவது கனிம உரிமை எடுத்த நிலத்துல, பெரும்பகுதிய விட்டுட்டாங்க, வருஷா வருஷம் கட்டுற கட்டணம் மிச்சமாச்சு. தெற்குப் பகுதிய ரோஸ்டர் வசதி இருக்குற ஒரு பெரிய கம்பெனி ஆப்ஷன், அதாவது பின்னாடி வாங்கிக்குற உரிமை, எடுத்துச்சு. அவங்க முதல்ல கேட்டது அந்த பைரைட் படங்களையும், ஆக்சைடு, ஆக்சைடு ஆகாததுன்னு பிரிச்ச டேட்டாவையும்தான். பழைய ப்ளான்படி ஆழத் துளை போட்டிருந்தா அது ஜாஸ்பராய்டுக்கு நேர் கீழ, இந்த நல்ல பகுதிய தொடாமலே போயிருக்கும், குறுக்குவெட்டுப் படத்துல ஸ்கேல் வச்சுப் பாத்தாலே தெரியுது.

## அடுத்த முறை என்ன மாத்துவோம்

இடத்த வாங்குறதுக்கு முன்னாடியே பழைய தூள்கள பல தனிமங்களுக்கு அனுப்பிடணும். இந்த ப்ராஜெக்ட்ல அது ஒரு வருஷம் லேட்டா நடந்துச்சு, அந்த ஒரு வருஷத்துக்கான க்ளெய்ம் கட்டணம் வடக்குக்கும் சேத்துப் போச்சு.

லாக் ஷீட்ல, அதாவது துளைல வந்த பாறையப் பாத்து எழுதுற தாள்ல, "கார்லின் மாற்றம்"னு எழுதுறத நிறுத்தணும், அதுக்குப் பதிலா பாத்தத எழுதணும்: ஆசிட்ல நுரைக்கல, கருப்பு, மென்மை, பைரைட் நுண்மை. வகைக்கு தனி கட்டம், அதுல தேதியும் பேரும். வேற ஆள் பத்து வருஷம் கழிச்சு எடுத்துப் பாத்தா எது கண்ணால பாத்தது, எது நெனச்சதுன்னு பிரிச்சுப் பாக்க முடியணும். எங்களுக்கு கெடச்ச 1980-கள் லாக்ல பாதி பக்கம் அப்படிப் பிரிக்கவே முடியல.

சயனைடு விகிதத்த முதல் சல்ஃபைடு சாம்பிள்லயே பாத்துடணும், கடைசில இல்ல. படிவோட வகை தெரிஞ்சா மெட்டலர்ஜி, அதாவது தங்கத்தப் பிரிச்செடுக்குற முறை, என்ன மாதிரி இருக்கும்னு ஓரளவு முன்னாடியே தெரிஞ்சுடும், அப்போ எந்தக் கம்பெனி வாங்க வரும்னும் தெரியும்.

தூள் உறைகள எலி அண்டாத டப்பால, கரையாத மைல நம்பர் போட்டு வைக்கணும். இப்போ அந்தக் கொட்டகைல மிச்சம் இருந்தத எல்லாம் அப்படி மாத்தி வச்சாச்சு. நம்பர் அழிஞ்ச உறைகள மட்டும் எடுத்து தனியா ஒரு டப்பால போட்டு மேல "எங்க இருந்துன்னு தெரியாது"ன்னு எழுதிட்டோம்.